சிறு நிலக் குடும்பமும் தொழுவுரச் சாகுபடியும்

சென்னைக்குத் தெற்கே, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடுத்துள்ள பெருங்குடி, முன்னாளில் ஏரிப் பாசனத்தால் நெல் விளைந்த கிராமமாகும். நகரம் விரிய விரிய அதன் வயல்கள் மனைகளாயின. 2011ஆம் ஆண்டில் ஊரும் சென்னை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டது. நகர மக்கள் உண்டு கழித்த காய்கறித் தோலும் இலையும் சருகும் பல பத்தாண்டுகளாக அவ்வூர்க் குப்பைமேட்டில் வந்து குவிந்தன. கிராமங்களின் மண்ணிலிருந்து விளைபொருளோடு வெளியேறிய சத்து அம்மண்ணுக்குத் திரும்பவில்லை. கண்ணாடி, பிளாஸ்டிக், உலோகம் முதலியவற்றோடு கலந்துவிட்டபடியால், அதனை அப்படியே வயலுக்குக் கொண்டுவருதலும் தகாது. ஆகவே, நிலத்தினின்று எடுத்ததைத் தன் எல்லைக்குள்ளேயே நிலத்துக்குத் திருப்பித் தருவது எவ்வாறு என்பதே சிறு நிலமுடைய ஒவ்வொரு குடும்பமும் ஆராயவேண்டிய விஷயமாகும்.

இரசாயன உரத்தை விட்டுத் தொழுவுரச் சாகுபடிக்கு மாற விரும்பும் குடியானவர் முதலில் கேட்பது, "விளைச்சல் குறைந்தால் குடும்பம் எதைக்கொண்டு பிழைப்பது?" என்பதாம். இவ்வச்சம் நியாயமானதே. யூரியாவிலுள்ள தழைச்சத்து சில நாட்களில் பயிருக்குக் கிட்டுகின்றது. தொழுவுரத்திலுள்ளதோ மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்த பின்னரே சிறிது சிறிதாகக் கிட்டும். மக்கு குறைந்த மண்ணில் அவ்வுயிர்கள் பெருகச் சில போகங்கள் செல்லும். இயற்கை விளைபொருள் என்னும் சான்று பெறுவதற்கும், பொதுவாக ஓராண்டுப் பயிர்களுக்கு 2 ஆண்டுகளும், பல்லாண்டுப் பயிர்களுக்கு 3 ஆண்டுகளும் மாறுதற்காலமாக விதிக்கப்பட்டுள்ளன. ஆகவே அக்காலத்தில் மகசூல் குறையவுங்கூடும். உயர்ந்த விலையும் கிட்டாது. பல குடும்பங்கள் மனந்தளர்வது இவ்விடத்திலேயே.

இதனை ஒரு நாடே அனுபவித்துக் கண்டது. இலங்கை அரசாங்கம் 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியை நாடு முழுவதற்கும் ஒரே வீச்சில் தடை செய்தது. வேண்டிய இயற்கை உரம் கைவசமின்மையால் நெல்லும் தேயிலையும் பெரிதும் குறைந்தன. அவ்வாண்டு நவம்பரிலேயே தடையை விலக்க நேர்ந்தது. இதனால் இயற்கை உரம் பயனற்றது என்று கொள்வது தவறு. உரத்தைச் சேர்க்குமுன் நிலம் முழுவதையும் மாற்றலாகாது என்பதே இதன் பாடம்.

அப்படியாயின் எவ்வளவு நிலத்தை மாற்றலாம்? அதற்குத் தொழுவத்திலேயே கணக்கு உள்ளது. வளர்ந்த மாடு ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 10 கிலோ சாணமிடும். இரண்டு மாடுகளுக்கு ஆண்டில் 7,300 கிலோ ஆகின்றது. இதனை வறட்டியாகத் தட்டி எரிக்காமல், கூளத்தோடும் மூத்திரத்தோடும் சேர்த்து மக்கவைத்தால், ஏக்கருக்குச் சிபாரிசு செய்யப்படும் 5 டன் தொழுவுரத்தை ஏறக்குறைய அடையலாம். எனவே இரண்டு மாடுகள் உள்ள குடும்பம் முதலில் ஓர் ஏக்கருக்கு மேல் மாற்ற முற்படுதல் கூடாது. எருக்குழி நிரம்பும் அளவே மாற்றத்தின் அளவாதல் வேண்டும்.

எருவைத் திறந்த குவியலாக விட்டால் வெயிலும் மழையும் அதன் சத்தைக் கொண்டுபோகும். 20 அடி நீளம், 5 அடி அகலம், 3 அடி ஆழமுள்ள குழி தோண்டி, மாட்டின் கீழ்ப் பரப்பிய கூளம் மூத்திரத்தில் ஊறியதும் சாணத்தோடு கலந்து, நாள்தோறும் குழியின் ஒரு கோடியிலிருந்து நிரப்பிவர வேண்டும். நிரம்பிய பகுதி தரைக்கு மேல் ஒன்றரை அடி உயர்ந்தவுடன் சாணமும் மண்ணும் குழைத்து மெழுகிவிட்டால், நான்கைந்து மாதங்களில் எரு பதமாகும். மூத்திரத்தில் தழைச்சத்தும் சாம்பல் சத்தும் மிகுந்திருப்பதால் அதை வீணாக்குதல் பெரு நஷ்டமாகும்.

மாடு போதாத குடும்பம் பசுந்தாளுரத்தைத் துணைக்கொள்ளலாம். ஏக்கருக்குச் சுமார் 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூக்குந் தருணமாகிய 45 முதல் 50 நாட்களுக்குள் மடக்கி உழுதால், வேர் முடிச்சுகளின் வழியே காற்றிலிருந்து பெற்ற தழைச்சத்து நிலத்திற் சேரும். நெல் அறுத்தபின் ஈரத்திலேயே உளுந்து அல்லது பயறு தெளிப்பதும் நன்று. எஞ்சிய நிலத்திற்கு மண் பரிசோதனைப்படி இரசாயன உரத்தை அளவோடு இட்டு, குடும்பத்தின் உணவையும் வருவாயையும் காத்துக்கொண்டு, எரு பெருகுந்தோறும் மாற்றத்தை விரிவாக்குக.

விதையிலும் சிக்கனம் உண்டு. திருத்துறைப்பூண்டிக்கு அருகிலுள்ள ஆதிரெங்கத்தில் 2006 முதல் நெல் திருவிழா நடத்திய நெல் ஜெயராமன் (மறைவு 2018), விவசாயி ஒருவருக்குப் பாரம்பரிய விதைநெல் 2 கிலோ கொடுத்து, மறு ஆண்டில் 4 கிலோ திரும்பப் பெறும் ஏற்பாட்டைச் செய்தார். பணமின்றியே விதை ஊர்தோறும் பரவிற்று. பூங்கார், மாப்பிள்ளைச் சம்பா போன்ற அந்நெல்லை முதலில் சிறு பாத்தியிற் பயிரிட்டுத் தன் மண்ணுக்கு ஏற்றதைத் தெரிந்துகொள்ளலாம்.

சிறு நிலம் இழிவன்று என்பதற்குக் கோயமுத்தூர் ஜில்லா தேக்கம்பட்டி பாப்பம்மாள் சான்றாவார். கடை நடத்திச் சேர்த்த பொருளில் நிலம் வாங்கிய இவர், முதுமையில் பெரும்பகுதியை விற்று, இரண்டரை ஏக்கர் மட்டும் வைத்துக்கொண்டு, நூறு வயது கடந்த பின்னும் இயற்கை முறையில் வாழை முதலியன பயிரிட்டார். 2021ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது பெற்ற இவர் 2024இல் காலமானார். தம் கண்ணும் கையும் எட்டும் அளவுக்கு நிலத்தை வைத்துக்கொண்டதே இவரிடம் கவனிக்கத்தக்கது.

கிராம அதிகாரிகள் செய்யக்கூடிய உதவி இரண்டாகும். ஏரி வண்டலை வயலுக்கு எடுக்க விரும்பும் சிறு விவசாயிகளுக்கு நிலப் பதிவேட்டு நகல்களைத் தாமதமின்றி அளித்து, வட்டாட்சியரிடம் அனுமதி பெறத் துணை செய்தல் ஒன்று. புறம்போக்கிலும் வாய்க்கால் கரையிலும் புங்கு, பூவரசு, கிளுவை போன்ற தழை மரங்களை வெட்டாமல் காத்தல் மற்றொன்று. இவையின்றிக் குடியானவரின் முயற்சி மட்டும் நெடுநாள் நில்லாது.

வரும் சித்திரையில் உழவு தொடங்குமுன் ஒவ்வொரு குடும்பமும் தன் தொழுவத்து மாடுகளை எண்ணி, அவற்றின் எரு எத்தனை சென்ட் நிலத்துக்குப் போதும் என்று கணக்கிட்டு, அந்நிலத்துக்கு மட்டும் வரப்புக் கட்டிப் பிரித்துக்கொள்வது நலம்.