வெந்நீர் போட தருமபுரி வெயிலே போதும்... தெரியுமா?

மார்கழி விடியலில் ஒரு வாளி வெந்நீர். இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? படித்துவிட்டுச் சொல்லுங்கள்!

சூரியனிலிருந்து கிளம்பும் வெயில் 15 கோடி கிலோமீட்டர் கடந்து அரூர் மொட்டை மாடிக்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும் தெரியுமா? வெறும் 8 நிமிடம் 20 விநாடி! ஈர விறகை ஊதி ஊதிப் பற்ற வைத்து, அண்டாவில் தண்ணீர் காய்வதற்கு இதைவிட அதிக நேரம் பிடிக்கும்!

சித்திரையில் மதியம் 2 மணிக்குக் குழாயைத் திறந்தால் தண்ணீர் கையைச் சுடுகிறதா? மாடியில் இருக்கும் கருப்பு டேங்கின் வேலைதான் அது! அமெரிக்காவில் 19-ம் நூற்றாண்டில் சோலார் வெந்நீர் தொடங்கியதும் இப்படித்தான். இரும்புத் தொட்டிக்குக் கருப்புச் சாயம் பூசி வெயிலில் வைத்தார்கள். ஆனால் பொழுது சாய்ந்தால் தண்ணீர் ஆறிவிடும். 1891-ல் பால்டிமோர் நகரத்து கிளாரன்ஸ் கெம்ப் அந்தத் தொட்டிகளை ஒரு மரப்பெட்டிக்குள் அடைத்து, மேலே கண்ணாடி போட்டு மூடினார். காப்புரிமையும் வாங்கினார். உலகில் முதன்முதலாக விற்பனைக்கு வந்த சோலார் வாட்டர் ஹீட்டர் அதுதான்! நம் நாட்டில் பல ஊர்களில் மின்விளக்கே எட்டிப் பார்க்காத காலம் அது!

2,000 வாட்ஸ் கீசரைப் போட்டால் எத்தனை எல்.ஈ.டி. பல்பு எரியும் மின்சாரம் இழுக்கும்? ஒரு பல்பு 9 வாட்ஸ் என்றால், 222 பல்பு! தெருவுக்கே வெளிச்சம் கொடுக்கலாம்! தினமும் அரை மணி நேரம் கீசர் ஓடினால் 1 யூனிட். இரண்டு மாதத்தில் 60 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் அல்லவா? அதில் பாதிக்கு மேல் குளியலறையிலேயே கரைந்துபோகிறது!

இப்போது மாடிகளில் வரிசையாக நிற்கும் சோலார் ஹீட்டரின் கண்ணாடிக் குழாய்களுக்கு வருவோம். வெயில் உச்சியில் இருக்கும்போது அவற்றைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? வெளிக் கண்ணாடி சுடவே சுடாது! உள்ளே தண்ணீர் இல்லாமல் காய்ந்து கிடந்தால், உள்கண்ணாடியோ 200 டிகிரியைத் தாண்டும்! இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் காற்றே கிடையாது, வெற்றிடம். ஃபிளாஸ்க்கில் காபி ஆறாமல் இருக்கிறதே, அதே சூட்சுமம்! உள்ளே நுழைந்த சூடு எளிதில் வெளியே வர முடியாது.

இன்னொரு விந்தை கேளுங்கள். அந்தக் குழாயின் அடிமுனையைக் குனிந்து பாருங்கள். வெள்ளிப் பூச்சு போலப் பளபளக்கும். அது பேரியம் என்ற உலோகம். எங்காவது விரிசல் விட்டுக் காற்று உள்ளே புகுந்தால், அந்த வெள்ளி பால் வெள்ளையாக மாறிவிடும்! வெற்றிடம் போய்விட்டது, குழாயை மாற்று என்று குழாயே சொல்லிவிடுகிறது! மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் நீங்களே கண்டுபிடிக்கலாம்.

இந்த ஹீட்டரில் மோட்டார் எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை! சூடான தண்ணீர் லேசாகி மேலே ஏறும், குளிர்ந்தது கனத்துக் கீழே இறங்கும். பகல் முழுக்க இந்த ஓட்டம் தானாகவே நடக்கிறது!

100 லிட்டர் சோலார் ஹீட்டரிலிருந்து குளிக்க எத்தனை லிட்டர் கிடைக்கும்? இது என்ன கேள்வி, 100 தானே? இல்லை! டேங்கில் தண்ணீர் 60 டிகிரி சூட்டில் இருக்கும். உடம்புக்கு 40 டிகிரி போதும். 25 டிகிரி பச்சைத் தண்ணீரைக் கலந்து விளாவினால் 233 லிட்டர் கிடைக்கும்! 15 வாளிக்கு மேல்! இப்படி ஒரு ஹீட்டர் ஆண்டுக்கு 1,500 யூனிட் வரை மிச்சம் பிடிக்கும் என்பது மத்திய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகத்தின் கணக்கு.

சோலார் பேனல், சோலார் ஹீட்டர், எது கெட்டிக்காரன்? வெயிலில் சுமார் 20 சதவீதத்தை மின்சாரமாக்குவதற்குள் பேனலுக்கு மூச்சு முட்டும். ஹீட்டரோ பாதிக்கு மேல் பிடித்து வைத்துக்கொள்ளும்!

சரி, விறகு? ஒரு கிலோ காய்ந்த விறகின் சூடு முழுவதும் தண்ணீருக்குப் போனால் சுமார் 50 லிட்டர் கொதிக்கும். மூன்று கல் அடுப்பில் எத்தனை லிட்டர் கொதிக்கும் தெரியுமா? சுமார் 5! மிச்சமெல்லாம் காற்றோடு போச்சு! சித்தேரி மலையிலும் வத்தல்மலையிலும் தலைச்சுமையாக விறகு கொண்டுவரும் பெண்களை நினைத்தால் மனசு கனக்கிறது. பத்தில் ஒன்பது பங்குச் சுமை புகைக்காகவே!

நம் டீக்கடை பாய்லர் இதற்கு அன்றே வழி கண்டுவிட்டது! நடுவில் கரி எரியும் குழாய், சுற்றிலும் தண்ணீர். தீ எந்தப் பக்கம் பார்த்தாலும் தண்ணீர்தான், சூடு எளிதில் தப்பிக்க முடியாது! ரஷ்யர்களின் சமோவாருக்கும் இதே உள்ளமைப்புதான். அந்தக் காலத்தில் பாய்லருக்குள் ஒரு காசைப் போட்டு வைப்பார்கள். தண்ணீர் கொதித்ததும் காசு 'டக் டக்'கென்று ஆடும். திறந்து பார்க்க வேண்டாம், சூடு வீணாகாது!

இந்த மாவட்டத்தில் வெந்நீரை நம்பி ஒரு தொழிலே நடக்கிறதே, எது சொல்லுங்கள் பார்க்கலாம்? பட்டு! தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்கு வந்து குவியும் கூடுகளை அப்படியே பிரித்தால் ஒரு முழ நூல்கூடத் தேறாது. புழு தன் நூலைப் பசை போட்டு ஒட்டிவைத்திருக்கிறது. செரிசின் என்ற அந்தப் பசை, வெந்நீரில் இளகும். கூட்டைக் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே வேகவைத்தால் நூல் முனை கிடைக்கும். பிறகு பிடித்து இழுக்க இழுக்க... ஒரே கூட்டிலிருந்து ஏறக்குறைய 1 கிலோமீட்டர்! 25 டிகிரி தண்ணீரை 95 டிகிரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று வையுங்கள். வெயிலே அதை 60 வரை ஏற்றிக் கொடுத்தால், பாதி விறகு மிச்சம்! நூற்பு உலையின் முன் நாள் முழுக்க நிற்பவர்களுக்குப் பாதிப் புகையும் மிச்சம்!

தருமபுரிக்காரர்கள் கட்டாயம் கேட்க வேண்டிய செய்தி இது. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நம் நிலத்தடி நீரில் கலந்திருக்கும் ஃபுளோரைடு? போகவே போகாது! ஆவியாகிப் போவது தண்ணீர்தான். ஃபுளோரைடு அங்கேயே நின்று, மிச்சத் தண்ணீரில் அளவு கூடிவிடும்! அதனால்தான் ஒகேனக்கல் காவிரி நீரைக் குழாயில் கொண்டுவரும் திட்டமே வந்தது. 2013-ல் அது தொடங்கி வைக்கப்பட்டது.

போர்த் தண்ணீரின் இன்னொரு சேட்டை. சர்க்கரை சுடுதண்ணீரில் வேகமாகக் கரையும். சுண்ணாம்பு உப்போ தலைகீழ்! தண்ணீர் சூடாகச் சூடாக வெளியே வந்து ஹீட்டருக்குள் பாறையாகப் படியும். கீசர் காயில் மேல் இந்தச் சட்டை ஏறிவிட்டால் கரண்ட் பில்தான் சூடாகும்! உப்புத் தண்ணீர் ஊர்களில் ஆண்டுக்கொரு முறையாவது கழுவிவிடுங்கள்.

1 யூனிட் கரண்ட் கொடுத்தால் 3 யூனிட் சூடு தரும் இயந்திரம் உண்டு என்றால் நம்புவீர்களா? ஹீட் பம்ப்! அது சூட்டை உண்டாக்குவதில்லை, காற்றில் இருப்பதை உறிஞ்சித் தண்ணீருக்குள் தள்ளுகிறது. மறுபக்கம் குளிர்ந்த காற்று வரும்! நம்மூர்ப் புழுக்கம் அதற்குக் கொண்டாட்டம்!

ஐரோப்பிய வீடுகளில் செலவாகும் எரிசக்தியில் முக்கால் பங்குக்கும் மேல் எதற்கு? வீட்டையும் தண்ணீரையும் சூடாக்க மட்டுமே! நமக்கு வீட்டைச் சூடாக்கும் செலவு இல்லவே இல்லை! இஸ்ரேலில் 1980-லிருந்து புது வீடுகளுக்கு சோலார் ஹீட்டர் சட்டப்படி கட்டாயம். பக்கத்து பெங்களூரில் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட புது வீடுகளுக்கு 2007-லேயே கட்டாயமாக்கிவிட்டார்கள்!

இவ்வளவு கேட்டபின் மாடியில் ஒன்று மாட்டிவிட்டீர்களா? உச்சி வெயிலில் காய்ந்து கிடக்கும் குழாய்க்குள் மட்டும் பச்சைத் தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள். 200 டிகிரிக் கண்ணாடி... படார்! காலையில் வெயில் ஏறுமுன் நிரப்புங்கள்!