பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரி

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகவே பேசலாம். நடுராத்திரியில் அப்பாவுக்கு நெஞ்சுவலி. பத்து நிமிட தூரத்தில் ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது, ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனியின் நெட்வொர்க்கில் இல்லை. அங்கே சேர்த்தால் பணம் போய்விடுமா என்பதுதானே உங்கள் கவலை? பெரும்பாலும் போகாது.

நெட்வொர்க் என்பது கம்பெனியும் ஆஸ்பத்திரியும் முன்கூட்டியே கட்டணம் பேசி வைத்திருக்கும் ஏற்பாடு. அங்கே போனால் கம்பெனியே நேராகப் பில் கட்டும், அது கேஷ்லெஸ். வெளியே போனால் நாம் கட்டிவிட்டுத் திரும்ப வாங்க வேண்டும், அது ரீஇம்பர்ஸ்மென்ட். பெரும்பாலும் பணம் வரும் வழிதான் மாறுகிறது. சில பாலிசிகளில் மட்டும், வெளியே போனால் செலவில் ஒரு பங்கு நம்முடையது என்ற விதி இருக்கும்.

ஆகவே உயிருக்கு ஆபத்தென்றால் பக்கத்து ஆஸ்பத்திரிக்கே போங்கள். அவசர சிகிச்சை தருவது அரசு, தனியார் என்ற பேதமில்லாமல் எல்லா டாக்டர்களுக்கும் கடமை என்று 1989-லேயே பரமானந்த் கடாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சேர்த்த கையோடு கம்பெனிக்குப் போன் செய்து, புகார் எண்போல ஒரு பதிவு எண் வாங்கிக்கொள்ளுங்கள். 2024 ஜனவரியில் ஜெனரல் இன்சூரன்ஸ் கவுன்சில் கொண்டுவந்த ‘கேஷ்லெஸ் எவ்ரிவேர்’ திட்டப்படி, அவசரமாகச் சேர்த்த 48 மணி நேரத்துக்குள் தெரிவித்தால் நெட்வொர்க் அல்லாத ஆஸ்பத்திரியிலும் கேஷ்லெஸ் கேட்கலாம். ஆஸ்பத்திரியும் சம்மதிக்க வேண்டும். சம்மதிக்காவிட்டால் ரீஇம்பர்ஸ்மென்ட் இருக்கவே இருக்கிறது.

அதற்குக் காகிதம்தான் உயிர். ‘மருந்துகள் ரூ.42,000’ என்று ஒரே வரியில் பில் தந்தால் வாங்காதீர்கள்; எந்த மருந்து, எத்தனை, என்ன விலை என்று பிரித்துக் கேளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, பணம் கட்டிய அசல் ரசீதுகள், மருந்துச் சீட்டுகள், ஸ்கேன், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகள் எல்லாம் வேண்டும். விபத்தென்றால் போலீஸ் பதிவும் சேரும். எமர்ஜென்சியில் வந்தவர் என்பதையும், வந்தபோதிருந்த நிலையையும் டிஸ்சார்ஜ் சம்மரியில் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். அசலைக் கொடுக்குமுன் ஒரு செட் ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்.

அறை வாடகையையும் கவனியுங்கள். பாலிசியில் வரம்பு ரூ.5,000, நீங்கள் எடுத்த அறை ரூ.10,000 என்றால், டாக்டர் ஃபீஸ் போன்றவற்றுக்குக் கம்பெனி தரும் தொகையும் பாதியாகக் குறையலாம். ஆனால் ஐசியு கட்டணம், மருந்து, இம்ப்ளான்ட், பரிசோதனைச் செலவு இவற்றில் அந்த விகிதக் கழிவு கூடாது என்பது இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. கழித்திருந்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள்.

கம்பெனி மறுத்தால் முதலில் அவர்களிடமே புகார். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன், அதாவது குறைதீர்ப்பாளர். சென்னையில் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், ரூ.50 லட்சம் வரை தீர்ப்பளிக்கலாம். ஓராண்டுக்குள் போக வேண்டும்.

இன்றைக்கே பாலிசியைப் பிரித்து மூன்றைப் பாருங்கள்: எத்தனை மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், அறை வரம்பு எவ்வளவு, நெட்வொர்க்குக்கு வெளியே நம் பங்கு எவ்வளவு. அந்தத் தகவலோடு பாலிசி எண்ணையும் வீட்டில் எல்லோருடைய போனுக்கும் அனுப்பிவிடுங்கள். அவசரத்தில் ஓடப்போவது நீங்களாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது.