திரும்பாமலேயே பக்கவாட்டில் ஓடுகிறதே ரோபோ, எப்படி?

காரை அப்படியே பக்கவாட்டில் நகர்த்த முடியுமா? முடியாது. ஆனால் ரோபோகப் கால்பந்தின் சின்ன ரோபோக்களைப் பாருங்கள். 18 செ.மீ. விட்டத்துக்குள் அடங்கும் இவை, முகத்தைத் திருப்பாமலேயே எந்தப் பக்கமும் பாய்கின்றன.

சூட்சுமம் இவற்றிலுள்ள ‘ஓம்னி’ என்ற வகைச் சக்கரத்தின் விளிம்பில் இருக்கிறது. மணி கோத்த வளையலைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். கம்பியின் போக்கிலேயே விரலை இழுத்தால் மணி சுழலாது. குறுக்கே இழுத்தால்? இருந்த இடத்திலேயே உருளும்.

சக்கர விளிம்பைச் சுற்றியுள்ள குட்டி உருளைகளும் அப்படித்தான். மோட்டார் சுற்றும் திசையில் தரையைப் பிடிக்கும். குறுக்கே வரும் தள்ளலுக்கு வழிவிடும்.

இப்போது நான்கு சக்கரங்களை நான்கு மூலைகளில் 45 பாகை சாய்த்துப் பொருத்துங்கள். ஒவ்வொன்றும் மூலைவாட்டில்தான் தள்ளும். முன்னே போகும்போது இடது, வலது தள்ளல்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, முன்தள்ளல் மட்டும் மிஞ்சும். எதிரெதிர் மூலையிலுள்ள இரண்டை மட்டும் தலைகீழாகச் சுழற்றுங்கள். ரோபோ பக்கவாட்டில் ஓடும்!

பொருத்துவதில்தான் வேலையே இருக்கிறது. நான்கும் ஒரே நேரத்தில் தரையைத் தொட வேண்டும். ஒன்று அந்தரத்தில் நின்றாலும் ரோபோ கோணலாகப் போகும். உருளைகளுக்கு நடுவே இடைவெளி அதிகமானால் தடதடக்கும். ஆகவே பலர் இரண்டு வரிசை உருளைகளை, ஒன்றின் இடைவெளியை மற்றது நிரப்பும்படி வைக்கிறார்கள்.

முட்டித் தள்ளும் போட்டி என்றால் மட்டும் யோசியுங்கள். வழிவிடும் குணம் அங்கே எதிராளிக்குத்தான் உதவும். ரப்பர் சக்கரமே மேல்.