கணித ஆய்வுப் பயிலரங்குகளுக்கும் ஆய்வுப் பயணங்களுக்குமான நல்கைகள்

கணித ஆய்வாளர்கள் ஓரிடத்தில் கூடிப் பேசுவதற்கும், ஒருவர் மற்றொருவரின் நிறுவனத்துக்குச் சென்று சில வாரங்கள் சேர்ந்து பணியாற்றுவதற்கும் அரசோ பல்கலைக்கழகமோ அறக்கட்டளையோ தரும் பணவுதவியே இங்கு நல்கை எனப்படுகிறது. சோதனை அறிவியல் துறைகளில் நல்கையின் பெரும்பகுதி கருவிகளுக்குப் போய்விடும். கணிதத்துக்குக் கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் நல்ல நூலகமும் ஒரு கணினியும் இருந்தால் போதும். ஆகவே இத்துறையில் பணம் பெரும்பாலும் ரயில் கட்டணமாகவும் தங்கும் அறையாகவும் மூன்று வேளை உணவாகவும் செலவாகிறது. "கணக்குப் போட ஊர் ஊராகப் போவானேன்?" என்று கேட்பவர்கள் உண்டு. பள்ளி ஆசிரியர் அறையிலேயே நான் இதைக் கேட்டிருக்கிறேன். இதற்கான விடை தமிழ்நாட்டின் வரலாற்றிலேயே இருக்கிறது.

1914: இரண்டு பயணங்கள்

சீனிவாச இராமானுசன் 1912 மார்ச்சு முதல் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தராக வேலை பார்த்தார். 1913 பிப்ரவரியில் வானிலை ஆய்வுத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் அவருடைய கணக்குகளைப் பார்த்துவிட்டுச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைத்தார். அவ்வாண்டு மே மாதம் முதல் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கிடைத்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வறிக்கை தர வேண்டும் என்பது நிபந்தனை. பட்டம் பெறாத ஒருவருக்குப் பல்கலைக்கழகம் இப்படிக் கொடுத்தது இன்று நினைத்தாலும் வியப்புத்தான்.

1914 தொடக்கத்தில் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் நெவில் சொற்பொழிவுகள் ஆற்றச் சென்னைக்கு வந்தார். இராமானுசனை எப்படியாவது இங்கிலாந்துக்கு அழைத்துவர வேண்டும் என்ற ஹார்டியின் வேண்டுகோளும் அவரிடம் இருந்தது. இராமானுசனை நேரில் கண்டு பேசி, குறிப்பேடுகளைப் பார்த்து, பின் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு அவர் கடிதம் எழுதினார். பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு ஒதுக்கியது. கப்பல் கட்டணமும் உடைச் செலவும் தனி. இந்த 250 பவுண்டில் 50 பவுண்டு ஊரில் இருந்த குடும்பத்துக்குப் போனது. கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரி தன் பங்காக 60 பவுண்டு சேர்த்துக் கொடுத்தது. மார்ச்சு 17 அன்று இராமானுசன் கப்பல் ஏறினார்.

இராமானுசனின் பயணத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அதற்கு முன்னால் நெவிலின் சொற்பொழிவுப் பயணம் ஒன்று இருந்ததை மறந்துவிடுகிறோம். கடிதத்தால் மட்டும் முடியாத காரியம் நேர்ச் சந்திப்பில் முடிந்தது.

இங்கிலாந்தில் விளைந்தவற்றுள் ஒன்றை மாணவர்களுக்கும் புரியும்படி சொல்லலாம். 4 என்ற எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என 5 வகையில் பிரிக்கலாம். 200 என்ற எண்ணை 39,72,99,90,29,388 வகையில் பிரிக்கலாம். ஏறத்தாழ 4 லட்சம் கோடி. எழுதி எண்ணிப் பார்க்க ஒரு பிறவி போதாது. எந்த எண்ணுக்கும் இதை மிக நெருக்கமாகக் கணிக்கும் சூத்திரத்தை ஹார்டியும் இராமானுசனும் சேர்ந்து 1918இல் வெளியிட்டனர். அதன் வழிமுறை இன்றும் எண் கோட்பாட்டில் பயன்படுகிறது.

காரைக்குடியின் கொடையும் மயிலாப்பூர் வீடும்

காரைக்குடி வள்ளல் அழகப்பச் செட்டியார் 1950இல் சென்னையில் இராமானுசன் கணித நிறுவனத்தைத் தொடங்கினார். டி. விஜயராகவன் முதல் இயக்குநர். விஜயராகவன் 1955இலும் அழகப்பர் 1957இலும் மறைந்தனர். வள்ளலின் கைப்பணத்தில் நடந்த நிறுவனம் மூடும் நிலைக்கு வந்தது. வானியற்பியலாளர் சு. சந்திரசேகர் பிரதமர் நேருவுக்கு எடுத்துரைக்க, சென்னைப் பல்கலைக்கழகம் அதை ஏற்றுக்கொண்டது. 1967இல் பல்கலைக்கழகக் கணிதத் துறையுடன் இணைந்து அது உயராய்வு மையமாயிற்று. கொடையாளரின் மனம் எவ்வளவு பெரிதாயினும், ஆண்டுதோறும் வந்துசேரும் ஒதுக்கீடு இல்லாமல் ஆய்வு நிறுவனம் நிலைக்காது என்பதே என் கருத்து.

அல்லாடி இராமகிருஷ்ணனின் கதை வேறு விதம். அவர் பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனத்தில் ஓராண்டு தங்கித் திரும்பியவர். சென்னையில் தம் குடும்ப இல்லமான ஏகாம்ர நிவாசத்திலேயே மாணவர்களுக்குக் கருத்தரங்கு நடத்தினார். வெளிநாட்டு அறிஞர்கள் அங்கு வந்து பேசினர். 1960இல் நீல்ஸ் போர் வந்து பாராட்டியது செய்தியானது. அப்போதைய கல்வி அமைச்சர், நம் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரரான சி. சுப்பிரமணியம், அதை நேருவின் கவனத்துக்குக் கொண்டுசென்றார். 1962 ஜனவரி 3 அன்று கணித அறிவியல் நிறுவனம் பிறந்தது. இன்று தரமணியில் இயங்குகிறது.

இதே காலத்தில் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் பிரான்சின் லாரன் சுவார்ட்சு போன்றோரை அழைத்துத் தொடர் சொற்பொழிவுகள் நடத்தியது. இளம் ஆய்வாளர்கள் அவற்றைக் குறிப்பெடுத்து எழுத, அவை நூல்களாயின. சென்னை இலயோலா கல்லூரியில் படித்த எம். எஸ். நரசிம்மனும் சி. எஸ். சேஷாத்திரியும் அங்கிருந்து 1957இல் பாரிசு சென்றனர். 1965இல் வெளியான நரசிம்மன்–சேஷாத்திரி தேற்றம் உலகறிந்தது.

இன்றைய வழிகள்

அணுசக்தித் துறையின் கீழ் 1983இல் அமைந்த தேசிய உயர்கணித வாரியம் கணிதத்துக்கென்றே உள்ள நிதி அமைப்பு. கருத்தரங்கு நடத்தவும், வெளிநாட்டு மாநாட்டுக்குச் செல்லவும், நூலகத்துக்கும் நல்கை தருகிறது. சு. குமரேசன் 1993இல் தொடங்கிய கணிதப் பயிற்சி மற்றும் திறன் தேடல் திட்டம் வாரியத்தின் உதவியால் வளர்ந்தது. இளநிலை, முதுநிலை மாணவர்களுக்குக் கோடை விடுமுறையில் நடக்கும் நான்கு வார வகுப்பு அது. தேர்வானவர்களுக்கு உணவும் தங்குமிடமும் இலவசம். ஆய்வு மாணவர்களுக்கும் கல்லூரி ஆசிரியர்களுக்கும் தேசியக் கணித மையத்தின் பயிற்சிப் பள்ளிகள் உண்டு. இவை பல ஊர்களில் மாறி மாறி நடக்கின்றன. பெங்களூரில் உள்ள பன்னாட்டுக் கோட்பாட்டு அறிவியல் மையத்தில் எந்த நிறுவனத்து ஆய்வாளரும் நிகழ்ச்சியை முன்மொழியலாம். தனி ஆய்வாளருக்கு 'மேட்ரிக்ஸ்' திட்டம் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வீதம் மூன்று ஆண்டுகளுக்கு என அமைந்தது. கருவி கேட்காத துறைக்கு ஏற்ற அளவு.

வெளிநாட்டில், அப்துஸ் சலாம் 1964இல் இத்தாலியின் டிரியெஸ்ட்டில் நிறுவிய மையம் நமக்கு முக்கியமானது. வளரும் நாட்டு ஆய்வாளர் தம் ஊர் வேலையை விடாமலே, சில ஆண்டுகளில் பலமுறை அங்கு சென்று தங்கலாம். ஜெர்மனியின் ஓபர்வொல்ஃபாகில் இரண்டு முதல் நான்கு பேர் கொண்ட சிறு குழு சில வாரங்கள் தங்கி ஒரே சிக்கலில் உழைக்க இடம் தருகிறார்கள்.

சிற்றூர்க் கல்லூரி ஆசிரியரின் நிலை

எங்கள் ஒட்டன்சத்திரம் சந்தையில் வியாபாரி கைபேசியில் விலை பேசுவார். ஆனால் காயை ஒடித்துப் பார்க்காமல் மூட்டை ஏற்றமாட்டார். கணிதமும் அப்படித்தான், காணொலிக் கூட்டம் பாதி வேலையை முடிக்கும், மீதி கரும்பலகை முன்னால் நடக்கும்.

பழனியிலோ திண்டுக்கல்லிலோ பாடம் நடத்தும் ஆசிரியருக்குப் பெரும்பாலும் திறமையைவிட விடுப்பும் முன்பணமும்தான் தடை. பல நல்கைகளில் முதலில் கைக்காசைப் போட்டுச் சென்றுவந்து, பயணச்சீட்டைக் காட்டிப் பின்னர் பெற வேண்டியிருக்கிறது. தொகுப்பூதிய விரிவுரையாளருக்கு இது பெரும் சுமை. வீட்டுப் பொறுப்புள்ள பெண் ஆசிரியர்க்கு நான்கு வாரம் வெளியூரில் தங்குவதும் எளிதன்று. அத்தகையோர் இரண்டு வார ஆசிரியர் பயிலரங்குகளை முதலில் நாடலாம்.

விண்ணப்பத்தில் மூன்று செய்திகள் தெளிவாக இருக்க வேண்டும்: எந்தச் சிக்கல், யாருடன், ஏன் நேரில். அழைக்கும் பேராசிரியரின் கடிதத்தில் தேதியும் தங்கும் நாள்களும் இருப்பது நல்லது. பயிலரங்கு நடத்துவோர் பயணம், தங்குமிடம், உணவு, பேச்சாளர் மதிப்பூதியம் என்று தலைப்பு பிரித்து மதிப்பீடு தர வேண்டும். முடிந்தபின் செலவு அறிக்கையையும் பயன்பாட்டுச் சான்றிதழையும் கல்லூரி முதல்வர் கையொப்பத்துடன் அனுப்ப வேண்டும். பழைய நல்கைக்கு இவை சேராவிட்டால் அடுத்த விண்ணப்பம் நின்றுபோகும். எனவே பற்றுச்சீட்டுகளை முதல் நாளிலிருந்தே ஒரு கோப்பில் சேர்த்து வருவது நல்லது.