'அனுபவம்: இல்லை' என்று எழுதாதீர்கள்

கல்லூரிக்குப் பக்கத்து பிரவுசிங் சென்டரில் ஏப்ரல், மே மாதங்களில் உட்கார இடம் கிடைக்காது. கம்ப்யூட்டரில் ஏற்கெனவே ஒரு ரெசியூம் இருக்கும். யாரோ ஒரு சீனியருடையது. பெயர், மார்க், போன் நம்பரை மாற்றினால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். கடைசியில் வரும் உறுதிமொழியில் மட்டும் சீனியரின் ஊர்ப் பெயர் அப்படியே நிற்கும்.

திருப்பூரில் பி.காம். இறுதியாண்டு மாணவி ஒருவர் அப்படியொரு தாளைத்தான் என்னிடம் காட்டினார். பிறந்து வளர்ந்ததெல்லாம் அவிநாசி. தாளில் 'இடம்: நாமக்கல்'. 'அனுபவம்' என்பதற்கு நேரே 'இல்லை'.

"லீவுல என்னம்மா பண்ணுவே?"

"பனியன் கம்பெனிக்குப் போவேனுங்க சார். செக்கிங்."

"எத்தனை வருஷமா?"

"பிளஸ் டூ முடிச்சதுல இருந்துங்க. மூணு மே மாசம்."

"அதை ஏன் எழுதலை?"

பக்கத்தில் நின்ற தோழியை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "அதெல்லாம் எழுதுவாங்களா சார்? லேபர் வேலைங்க அது."

என் கவலையே இந்த ஒரு பதில்தான்.

செக்கிங் டேபிளில் என்ன நடக்கிறது என்று கேட்டேன். மளமளவென்று சொன்னார். தைத்து வரும் பீஸை விரித்து முதலில் கழுத்து, பிறகு தோள்பட்டை, கைத்தையல், அடிமடிப்பு என்று கண் ஒரே வரிசையில் ஓட வேண்டும். எண்ணெய்க் கறை, ஓட்டை, தையல் விட்ட இடம் எல்லாவற்றுக்கும் தனித்தனியே ஸ்டிக்கர். சைஸ் மாறி வந்திருந்தால் அந்தக் கட்டையே நிறுத்திச் சூப்பர்வைசரைக் கூப்பிட வேண்டும். எத்தனை நல்லது, எத்தனை திருப்பி அனுப்பியது என்று மணிக்கொரு முறை நோட்டில் ஏற்ற வேண்டும். இரண்டாவது வருஷம் புதிதாக வந்த நான்கு பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே இவர்தானாம்.

தரம் பார்த்திருக்கிறார், கணக்கு வைத்திருக்கிறார், ஆட்களைப் பழக்கியிருக்கிறார். எந்த ஊர், என்ன பிரிவு, எந்தெந்த மாதம், என்ன செய்தார் என்று எழுதினால் நான்கே வரி. அந்த நான்கு வரியும் சீனியரின் ஃபைலில் கிடைக்காது.

இப்படி மறைக்கப்படும் வேலைகளுக்குக் கணக்கே இல்லை. முகூர்த்த நாட்களில் கேட்டரிங்கில் பந்தி பரிமாறப் போகும் மாணவர்கள், தீபாவளிக்கு ஜவுளிக்கடையில் நின்றவர்கள், தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தவர்கள், காலை ஷிஃப்ட் கல்லூரி முடிந்து மதியம் ஜெராக்ஸ் கடையில் உட்காருபவர்கள்! குடும்பத்துக்கு அரிசி வாங்கித் தந்த உழைப்பைச் சொல்லக் கூசும்படி பிள்ளைகளை வளர்த்துவிட்டோம். அந்த வெற்றிடத்தை நிரப்பப் பொய் வருகிறது. காசு கொடுத்து வாங்கிய ப்ராஜெக்டும், திறந்தே பார்க்காத சாஃப்ட்வேரின் பெயரும் தாளில் ஏறுகின்றன. 'இதில் நீங்க என்ன செஞ்சீங்க?' என்று இன்டர்வியூவில் ஒரு கேள்வி கேட்டால் போதும், முகம் வெளிறிவிடும். செக்கிங் டேபிளைப் பற்றிக் கேட்டால் அந்தப் பெண் அரைமணி நேரம் பேசுவார்.

சம்பளம் வாங்காத வேலையும் வேலைதான். என்.எஸ்.எஸ்.ஸில் இரண்டு ஆண்டு முழுதாக இருந்தவர் 240 மணி நேரம் சேவை செய்திருக்கிறார். ஏழு நாள் முகாம் வேறு. அதை 'என்.எஸ்.எஸ். உறுப்பினர்' என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். எந்த ஊரில் முகாம், அங்கே எதற்கு நீங்கள் பொறுப்பு என்று எழுத வேண்டாமா? டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவர் நிமிடத்துக்கு 45 சொல் அடிப்பவர். அந்த எண்ணைப் போடுங்கள்.

பெரிய நிறுவனங்களில் முதலில் கம்ப்யூட்டர்தான் ரெசியூமைச் சலிக்கிறது, பந்தி பரிமாறியதை எழுதி என்ன பயன் என்று கேட்கும் பயிற்சியாளர்கள் உண்டு. விளம்பரத்தில் கேட்ட சொற்கள் தாளில் இருக்க வேண்டும் என்பது சரி. ஆனால் சலித்த பிறகு எதிரே உட்காருவது மனிதர்தான்.

மற்றதெல்லாம் சின்ன விஷயம். ஒரு பக்கம் போதும். ஆதார் எண், மதம், சாதி எதுவும் வேண்டாம். ஃபைலை பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரில் விட்டுவிட்டு வராதீர்கள்.

இந்த ஆண்டு படிப்பை முடிக்கும் பிள்ளைகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பிரவுசிங் சென்டருக்குக் கிளம்பும் முன் வீட்டில் உட்கார்ந்து, பிளஸ் டூ முடித்த நாளிலிருந்து நீங்கள் பார்த்த வேலைகளையெல்லாம் ஒன்றுவிடாமல் ஒரு தாளில் எழுதுங்கள். அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் மறந்ததை அவர் சொல்வார்.