தேசப்படம் வாசித்தல்

புவியியல் பயிலும் மாணாக்கர் பலர் தேசப்படத்தை வரைவதிற் காட்டும் ஊக்கத்தை அதனை வாசிப்பதிற் காட்டுவதில்லை. இலங்கையின் கரையோரத்தைப் பார்த்து வரைந்து, ஆறுகளுக்கு நீலமும் மலைகளுக்குக் கபிலமும் தீட்டிப் பெயர்களைக் குறித்துவிட்டால் வேலை முடிந்ததெனக் கருதுகின்றனர். அவர் கையில் ஓர் இடவிளக்கப்படத்தைக் கொடுத்து, இன்ன பாதையிற் செல்வோன் மேட்டில் ஏறுவானோ பள்ளத்தில் இறங்குவானோ என வினவின் விடை வருவது அரிது. பெயர்களை மனனஞ் செய்தல் வேறு. படத்தை வாசித்தல் வேறு.

தேசப்படமாவது புவிமேற்பரப்பின் ஒரு பகுதியை, மேலிருந்து நோக்கினாற்போல, ஒரு விகிதத்துக்கமையச் சுருக்கித் தளத்திலே காட்டுவது. சுருக்குமிடத்து எல்லாவற்றையுங் காட்டல் இயலாது. எதனைக் காட்டுவது, எதனை விடுவது என்னுந் தெரிவிலிருந்தே படவகைகள் பிறக்கின்றன. எல்லைகளையும் நகரங்களையும் முதன்மையாகக் காட்டுவது அரசியற்படம். மலையும் சமவெளியும் ஆறும் காட்டுவது பௌதிகப்படம். மழைவீழ்ச்சி, குடித்தொகை, பயிர் என ஒரு பொருளையே எடுத்துக் காட்டுவது விடயப்படம். வீட்டுப் பெட்டகத்திலே காணி உறுதியோடு பேணப்படும் நில அளவைப்படமும் இவ்வினத்ததே என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

படம் எவ்வகையினதாயினும் தலைப்பு, அளவுத்திட்டம், திசை, குறிவிளக்கம், அகலக்கோடு நெடுங்கோடுகள் என்பன அதன் உறுப்புக்களாம். இவற்றுள் மாணாக்கரைப் பெரிதும் மயக்குவது அளவுத்திட்டம். முன்னைய இலங்கைப் படங்கள் ஒரு மைலை ஓர் அங்குலமாகக் காட்டின. அதன் விகிதம் 1:63,360. பின்னர் மீற்றர் முறையில் 1:50,000 படங்கள் வந்தன. இதன்படி யாழ்ப்பாண நகருக்கும் காங்கேசன்துறைக்கும் இடையேயுள்ள ஏறக்குறைய 17 கிலோமீற்றர் நேர்த்தூரம் படத்தில் 34 சதமமீற்றராகும். 1:10,00,000 படத்திலோ அதே தூரம் 2 சதமமீற்றருக்கும் குறைவு. எண் பெரிதாயிருத்தலின் பின்னதே பெரிய அளவுத்திட்டம் என மாணாக்கர் எழுதிவிடுவர். ஒரு மாம்பழத்தை 2 பேருக்குப் பகிர்ந்தால் வரும் பங்கு பெரிதோ, 20 பேருக்குப் பகிர்ந்தால் வரும் பங்கு பெரிதோ எனக் கேட்டால் ஐயம் தீரும்.

விகிதத்தை எண்ணாற் குறிப்பதோடு கோட்டளவாலும் காட்டுவதற்கு ஒரு காரணம் உண்டு. படத்தை அச்சிடுவோர் பெருப்பித்தாலும் சிறுப்பித்தாலும் அதன்மேல் எழுதிய 1:50,000 என்பது பொய்யாகிவிடும். கோட்டளவோ படத்தோடு சேர்ந்து நீண்டு குறுகுதலின் மெய்யாகவே நிற்கும்.

இனிச் சமவுயரக்கோடு. யாழ்ப்பாணக் குடாநாட்டு மாணாக்கருக்கு இது இடர் தருவதில் வியப்பில்லை. அவர் வாழும் நிலம் எங்கும் தாழ்ந்தது. இடவிளக்கப்படத்தில் அப்பகுதியிலே அக்கோட்டைக் காண்பதே அரிது. ஆயினும் கோடையில் வற்றும் குளத்தை அவர் அறிவர். நீர் இறங்க இறங்க, ஒவ்வொரு நாளும் நின்ற மட்டம் கரையிலே ஒரு வரையாகப் பதிந்திருக்கும். அவ்வரையின் எல்லாப் புள்ளிகளும் ஒரே உயரத்தன, அதுவே சமவுயரக்கோடு. சரிவு குறைந்த கரையில் வரைகள் விலகி நிற்கும். செங்குத்தான கரையில் நெருங்கும். இதனைக் கண்டபின், அப்புத்தளைக்குத் தெற்கே நிலம் சடுதியாக இறங்குமிடத்திற் கோடுகள் ஒட்டினாற்போல் நெருங்குவது ஏனென்பது தானே விளங்கும். ஒன்று மட்டும் கவனிக்கத்தக்கது: பள்ளத்தாக்கும் மலைநீட்டமும் படத்தில் ஒரே வளைவாகத் தோன்றும். வளைவின் முனை உயர்நிலத்தை நோக்கின் பள்ளத்தாக்கு. தாழ்நிலத்தை நோக்கின் மலைநீட்டம். கோட்டிலுள்ள எண்களைப் படியாதவன் ஆற்றை மலையுச்சியிலே ஓடவிடுவான்.

உருண்டையான புவியைத் தட்டையாக்குங்கால் எறியத்தால் நேரும் பிழை பிறிதொன்று. மெர்க்காற்றர் 1569ஆம் ஆண்டில் வெளியிட்ட எறியம் திசை தேடும் மாலுமிக்கு உகந்தது; பரப்பை ஒப்பிடுவோனுக்கு ஆகாது. ஆபிரிக்கா கிறீன்லாந்தினும் ஏறக்குறைய 14 மடங்கு பெரிது. அவ்வெறியத்திலோ இரண்டும் ஒத்த பருமனவாய்த் தோன்றும்.

விடயப்படத்தை வாசிப்போன் தலைப்பைச் சொற்சொல்லாக நோக்கல் வேண்டும். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அனுராதபுர மாவட்டத்தில் ஏறக்குறைய 8 இலட்சத்து 60 ஆயிரம் பேரும், யாழ்ப்பாண மாவட்டத்தில் 5 இலட்சத்து 83 ஆயிரம் பேரும் வாழ்ந்தனர். மொத்தத் தொகைக்கேற்ப நிறந்தீட்டின் அனுராதபுரமே கரியதாகும். ஆனால் அதன் பரப்பு 7,179 சதுர கிலோமீற்றர். யாழ்ப்பாணத்தின் பரப்பு 1,025. அடர்த்திக்கேற்பத் தீட்டின், சதுர கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 570 பேரைக் கொண்ட யாழ்ப்பாணம் கருத்து, 120 பேரைக் கொண்ட அனுராதபுரம் வெளிறும். இரு படங்களும் மெய்யே. தலைப்பில் ‘தொகை’ என்றிருக்கிறதா, ‘அடர்த்தி’ என்றிருக்கிறதா என்பதே வேறுபாடு.