டிஸ்சார்ஜுக்கு அப்புறம்தான் ஆரம்பம்

இன்னைக்குப் பேசப்போறது, தலையில் அடிபட்டவங்களுக்கான மறுவாழ்வு சிகிச்சை. சுருக்கமா ரீஹேப்.

என் தம்பி பைக் விபத்தில் அடிபட்டவன். அவன் நடக்க ஆரம்பிச்சதுமே "சரியாயிட்டான்"னு சொந்தக்காரங்க சொல்லிட்டாங்க. ஆனா பல பேருக்கு நடை சீக்கிரம் வந்துடும். ஞாபகமும் கவனமும் மெதுவாத்தான் திரும்பும்.

முதல்ல களைப்பு. அரை மணி நேரம் ஆட்களோட பேசினாலே தம்பி படுத்துடுவான். முன்னாடி தானா நடந்த வேலைக்கெல்லாம் இப்போ மூளை கூடுதலா உழைக்கணும். அதைப் பார்த்து "சோம்பேறி"ன்னு சொல்லாதீங்க.

அடுத்தது கோபம். நெற்றிக்குப் பின்னால இருக்கிற முன்மூளைதான் நம்ம பிரேக். அங்கே அடிபட்டா, மனசுல தோணுறது அப்படியே வாய்ல வந்துடும். அந்த நேரத்தில் வாதம் பண்ணாதீங்க. டிவியை நிறுத்துங்க, ஒருத்தர் மட்டும் பேசுங்க.

சிகிச்சை யார்கிட்ட? நடைக்கு பிசியோதெரபிஸ்ட். பட்டன் போட, டீ போட மறுபடி பழக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். பேச்சுக்கும் விழுங்குறதுக்கும் ஸ்பீச் தெரபிஸ்ட். மறதிக்கு போன் அலாரமும் ஒரு நோட்டும் பெரிய துணை.

எத்தனை நாள் ஆகும்? பொதுவா முதல் ஆறு மாசம் முன்னேற்றம் வேகமா தெரியும். அப்புறம் வேகம் குறையும். ஆனா வருஷக்கணக்கில் தொடரலாம். "இனிமே அவ்வளவுதான்"னு ஆறாவது மாசமே தெரபியை நிறுத்திடாதீங்க.

ஒண்ணு மட்டும் கவனம்: வலிப்பு, தொடர் வாந்தி, திடீர் மயக்கம்னா உடனே 108.